எமிட்டர் எந்தப் பக்கம் மச்சி?

நீங்க ஈ.சி.இ-யா? ட்ரிப்பிள் ஈ-யா? இல்ல, ஹாஸ்டல் ரூம்ல கிட்டாரோட குடித்தனம் நடத்துற பி.காம்-மா? யாரா இருந்தாலும் சரி, ஒரு சின்னக் கேள்வி.

கறுப்பு கலர். மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் வளைவு. கீழே மூணு கால். அதுல எமிட்டர் எது?

‘தட்டைப் பக்கம் நம்மளைப் பார்க்கணும், கால் கீழே இருக்கணும், வலது ஓரம்தான் எமிட்டர்!’னு டக்குனு சொல்லிட்டீங்களா? கையைக் கொடுங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த ஒரே பதிலால எங்க பேண்ட் ஒரு இன்டர்-காலேஜ் மேடையில ஆயிரம் வாட்ஸ் பல்பு வாங்குச்சு.

அந்த டிரான்சிஸ்டரோட நம்பர் என்னன்னு நீங்க கேட்கவே இல்லையே பாஸ்! நானும் கேட்கல. அதுதான் மேட்டரே.

மொட்டை மாடி ராக் ஸ்டார்ஸ்!

பாலவாக்கத்துல ஈ.சி.ஆர்-ல இருந்து கடலைப் பார்த்து இறங்குற தெருக்கள்ல ஒண்ணு. அங்கே என் ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடியில ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ரூம். அதுதான் எங்க பேண்டோட தலைமைச் செயலகம். கிட்டார் அவன், டிரம்ஸ் ஒருத்தன், பேஸ் கிட்டார் ஒருத்தன். நான்? எந்த இன்ஸ்ட்ருமென்ட்டும் வாசிக்கத் தெரியாது. வயர் மாட்டுவேன், டீ வாங்கிட்டு வருவேன். தேர்ட் இயர் ஈ.சி.இ-ங்கிற ஒரே தகுதியில ‘சவுண்ட் இன்ஜினீயர்’னு பட்டம் கொடுத்து வெச்சிருந்தாங்க.

போட்டிக்கு இன்னும் எட்டு நாள். கடைசிப் பாட்டுல கிட்டார் சோலோ. அதுக்கு ஃபஸ் சவுண்ட் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான் கிட்டாரிஸ்ட். ஃபஸ்னா? கிட்டார் ஸ்வரம் சுத்தமா வராம, தேனீக் கூட்டைக் கலைச்சு விட்ட மாதிரி ‘ஸ்ஸ்ர்ர்ர்’னு கிழிஞ்சு வருமே, அது. கால்ல மிதிக்கிற ஒரு குட்டி டப்பாதான் அதுக்கு ஆதாரம். ஃபாரின் டப்பா விலையைப் பார்த்தோம். எங்க நாலு பேரோட செமஸ்டர் பஸ் பாஸ், கேன்டீன் பாக்கி எல்லாம் சேர்த்தாலும் பத்தாது.

அப்போதான் வாயைத் திறந்தேன். “ப்பூ... ஃபஸ்தானே? ரெண்டே ரெண்டு டிரான்சிஸ்டர் மச்சி. நானே பண்ணித் தர்றேன்!”

சொன்னது பொய் இல்லை. 1966-ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடல் உள்ளே நிஜமாவே ரெண்டு டிரான்சிஸ்டர்தான். கூட நாலு ரெசிஸ்டர், மூணு கெப்பாசிட்டர், ரெண்டு பாட். ஆகமொத்தம் 11 பார்ட்ஸ். மைக் ஸ்டாண்டோட அடிப்பாகம் மாதிரி வட்டமா இருக்கிற அந்தப் பெடலை மிதிச்சுத்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உலகத்தையே அலறவிட்டார். அதுக்கு முன்னாடியே, 1962-ல மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்னு ஒரு பெடல் வந்துச்சு. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-ல ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டுல அதைப் போட்டப்புறம்தான் ஃபஸ்னா என்னன்னு ஊருக்கே தெரிஞ்சது.

வேலை செய்யற விதமும் சிம்பிள்தான். கிட்டார்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்பச் சின்னது, மில்லிவோல்ட் கணக்கு. அதை ரெண்டு டிரான்சிஸ்டரும் மாத்தி மாத்திப் பெரிசாக்கும். ஆனா, பேட்டரி வெறும் 9 வோல்ட்தானே? உயரம் குறைஞ்ச பாலத்துக்குக் கீழே ஓவர் லோடு வைக்கோல் லாரி நுழைஞ்ச மாதிரி, அலையோட தலை மேலேயும் கீழேயும் இடிச்சுத் தட்டையாயிடும். அந்தத் தட்டையான அலைதான் நம்ம காதுக்கு ‘ஸ்ஸ்ர்ர்ர்’.

‘இதுவும் என்.பி.என்-தான்!’

மறுநாள் திருவான்மியூர் வந்து பறக்கும் ரயில் பிடிச்சு, சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா என்ன... சென்னையில பி.இ. படிச்சு, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு அங்கே போகாத ஆளைக் கண்டுபிடிச்சா மியூசியத்துலதான் வைக்கணும்!

நான் கேட்டது பி.சி.549. கடையில ஸ்டாக் இல்லை. “தம்பி, 2என்3904 இருக்கு. அதுவும் என்.பி.என்-தான், போட்டுக்கலாம்”னு ஒரு கவர்ல அஞ்சு கொடுத்தார். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த சர்க்யூட்டுக்கு அது தாராளமா செட் ஆகும். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்தேன்.

அன்னிக்கு ராத்திரியே சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி உட்கார்ந்தாச்சு. கையில இருந்த படம் பி.சி.549-க்கு வரைஞ்சது. தட்டைப் பக்கம் எந்தத் திசைன்னு அதுல தெளிவா இருந்துச்சு. அப்படியே ஒண்ணு விடாம மாட்டினேன். அம்மா கிட்ட அடம்பிடிச்சு வாங்கின பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல ஓட்டை போட்டு உள்ளே வெச்சு மூடியாச்சு. கிட்டாரை மாட்டி, ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணி... மிதி!

சவுண்ட் வந்துச்சு பாஸ். அதான் கொடுமை. வராமலே இருந்திருந்தா எங்கேயோ தப்புன்னு தேடியிருப்பேன். இது வந்துச்சு. ஆனா, சளி பிடிச்ச பூனை இருமுற மாதிரி. வால்யூம் கம்மி. ஸ்வரம் ஆரம்பிக்கும், நடுவுல சட்டுனு செத்துப்போகும்.

அடுத்த அஞ்சு ராத்திரியும் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. கெப்பாசிட்டரை மாத்தினேன். ஜாக்கை மாத்தினேன். பாலவாக்கத்துல உப்புக் காத்துக்குப் பித்தளையே பச்சை பிடிச்சுப்போகும், அதனால வயரையெல்லாம் பிளேடு வெச்சு சுரண்டி மறுபடி ஈயம் வெச்சேன். கடைசியில, “உன் கிட்டார் பிக்-அப்லயே ஏதோ பிரச்னைடா”ன்னு அவன் மேலயே பழியைப் போட்டேன். அவன் பாவம், நம்பிட்டான்.

ரெண்டு கறுப்பு மிளகு மேல மட்டும் சந்தேகமே வரலை. ஏன்னா, டிரான்சிஸ்டர் எனக்குத் ‘தெரியும்’. எலெக்ட்ரானிக் சர்க்யூட்ஸ் பேப்பர்ல ஹெச்-பாராமீட்டர் டெரிவேஷனை மூணு பக்கத்துக்கு மூச்சு விடாம எழுதினவனாச்சே!

போட்டி அன்னிக்கு நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். சோலோ வந்துச்சு. அவன் மிதிச்சான். பூனை ரெண்டு தடவை இருமிட்டு அடங்கிடுச்சு. மறுபடி மிதிச்சு, ஃபஸ் இல்லாம வெறும் கிட்டார்லயே முடிச்சான். முதல் ரவுண்டுலயே வெளியே. பஸ்ல வரும்போது, “விடு மச்சி, நீ என்ன பண்ணுவ... என் கிட்டார்தான் மொக்கை”ன்னான். திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்.

‘அளந்தியா தம்பி?’

ரெண்டு நாள் கழிச்சு, பாலவாக்கத்துலயே டி.வி, ரேடியோ, மிக்ஸி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட அந்த டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போனேன். சர்க்யூட் படத்தை நீட்டினேன், வாங்கலை. பேட்டரியை மாட்டி, மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்து ரெண்டாவது டிரான்சிஸ்டரோட ஒரு கால்ல வெச்சார். 9 வோல்ட் பேட்டரியில அந்த இடத்துல சுமார் நாலரை வோல்ட் இருக்கணும். மீட்டர் ஒரு வோல்ட்டை ஒட்டித் தத்தளிச்சிட்டு இருந்துச்சு.

நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “போடறதுக்கு முன்னாடி அளந்தியா தம்பி?”

“இல்லைங்கய்யா... இதோட பின் எனக்குத் தெரியும்...”

அவர் சிரிக்கக்கூட இல்லை. ஈயத்தை உருக்கி ரெண்டையும் கழட்டினார். மீட்டர்ல வெச்சுப் பார்த்தார். அரைச் சுத்து திருப்பி மாட்டினார். மொத்தமே பத்து நிமிஷம். பெடல் உறுமுச்சு.

விஷயம் இதுதான். தட்டைப் பக்கத்தைப் பார்த்தா, இடமிருந்து வலமா பி.சி.549-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே தலைகீழ்! ரெண்டுமே என்.பி.என், ரெண்டும் பார்க்க அச்சு அசல் ஒண்ணு, ரெண்டுக்கும் ‘டி.ஓ.-92’ங்கிற ஒரே உடம்பு. உள்ளே கால் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கு. எட்டு நாளா நான் தேடின தப்பு, என் தலைக்குள்ளதான் இருந்திருக்கு.

கிட்டாரிஸ்ட்கிட்ட போய், “உன் கிட்டார்ல தப்பில்லைடா, எமிட்டரைத் திருப்பிப் போட்டது நான்தான்”னு சொன்னேன். இந்தக் கட்டுரை எழுதறதைவிட அது கஷ்டமா இருந்துச்சு.

திருப்பிப் போட்டா ஏன் சாகலை?

நியாயமான கேள்வி. நம்ம எம்.டி.சி. பஸ்ஸை நினைச்சுக்கோங்க. பின்னால ஏறணும், முன்னால இறங்கணும். நடுவுல கண்டக்டர் விசில். அவர் ஊதற சின்ன விசிலுக்கு அவ்ளோ பெரிய பஸ்ஸே நகருது இல்ல? டிரான்சிஸ்டர்ல பேஸ் அப்படித்தான். பேஸ்ல போற துளி கரன்ட்டு, எமிட்டருக்கும் கலெக்டருக்கும் நடுவுல போற பெரிய கரன்ட்டை ஆட்டி வைக்குது.

என்.பி.என்-ல எமிட்டர், கலெக்டர் ரெண்டுமே ‘என்’ வகைதான். அதனால ஏறுற வழியில இறங்கி, இறங்குற வழியில ஏறினா பஸ் நின்னுடாது. ஆனா நெரிசல், தள்ளுமுள்ளு, லேட்டு. எமிட்டர்ல கலப்படம் அதிகம், அதாவது கரன்ட்டைச் சுமக்கிற எலெக்ட்ரான்களை ஏகத்துக்கும் வாரி வழங்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. கலெக்டர்ல அப்படி இல்லை. இடத்தை மாத்தினா, நூத்துக்கணக்குல இருக்க வேண்டிய கெயின் ஒற்றை இலக்கம் வரைக்கும்கூட விழுந்துடும். பூனை இருமறதுக்கு அதான் காரணம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல தலைகீழா வோல்டேஜ் வந்தா, பி.சி.547 மாதிரி டிரான்சிஸ்டர் 5, 6 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும்னு டேட்டாஷீட்டுலயே போட்டிருக்கும். நம்ம பேட்டரியோ 9. கால் மாறிப்போன சர்க்யூட்டுல அந்த எல்லை தாண்டிடுச்சுன்னா, உடனே சாகாம, கெயின் குறைஞ்சு, இரைச்சல் அதிகமாகி, நோயாளியா உசிரோட சுத்தும். அதனால, தப்பா மாட்டிக் கழட்டின டிரான்சிஸ்டரை மறுபடி அளக்காம போடாதீங்க.

பேஸ்ங்கிற பேர் எப்படி வந்துச்சு தெரியுமா? 1947 டிசம்பர்ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல பார்டீனும் பிராட்டைனும் செஞ்ச முதல் டிரான்சிஸ்டர்ல, அடியில ஒரு ஜெர்மேனியம் துண்டு, அது மேல ரெண்டு முனை தொட்டுட்டு இருக்கும். அடியில இருந்ததால அது பேஸ். ஷாக்லியையும் சேர்த்து மூணு பேருக்கும் 1956-ல நோபல் பரிசு கிடைச்சது. அந்த முதல் டிரான்சிஸ்டர்ல எது பேஸ்னு பார்த்தாலே தெரியும். பிளாஸ்டிக்ல மூடினதுக்கு அப்புறம்தான் நமக்கு இந்தத் தலைவலி.

முப்பது செகண்ட் டெஸ்ட்!

இனி படிக்கிறதை நிறுத்திட்டு, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரையும் ஒரு டிரான்சிஸ்டரையும் கையில எடுத்துக்கோங்க. லேப்ல கிடைக்கும். டிரான்சிஸ்டர் போர்டுல சால்டர் ஆகியிருக்கக் கூடாது, தனியா இருக்கணும்.

ஸ்டெப் 1: மீட்டரை டயோடு குறிக்குத் திருப்புங்க. சிவப்பு வயரை ஒரு கால்ல வெச்சு, கறுப்பை மத்த ரெண்டுலயும் தொட்டுப் பாருங்க. ரெண்டுலயும் 0.6 முதல் 0.7 வோல்ட் மாதிரி வந்தா, சிவப்பு இருக்கிற கால்தான் பேஸ். டிரான்சிஸ்டர் என்.பி.என். வரலையா? சிவப்பை அடுத்த காலுக்கு மாத்துங்க. மூணு கால்லயும் வரலைன்னா, கறுப்பை நிலையா வெச்சு சிவப்பால தொடுங்க. அப்போ வந்தா, கறுப்பு இருக்கிற கால் பேஸ், ஆள் பி.என்.பி. 0.2, 0.3-ன்னு கம்மியா காட்டுதா? அது சிலிக்கான் இல்லை, ஜெர்மேனியம். பத்திரமா வைங்க, பொக்கிஷம்!

ஸ்டெப் 2: பேஸ்ல இருந்து வந்த ரெண்டு ரீடிங்கையும் ஒப்பிட்டுப் பாருங்க. பொதுவா எமிட்டர் பக்கம் கொஞ்சூண்டு அதிகமா காட்டும். ஒண்ணு 0.675, இன்னொண்ணு 0.681-ன்னு வந்தா, 0.681-தான் எமிட்டர். வித்தியாசம் கடைசி இலக்கத்துலதான் இருக்கும், கண்ணைத் திறந்து பாருங்க.

ஸ்டெப் 3: சந்தேகம் தீரலையா? மீட்டர்ல ஹெச்.எஃப்.இ-னு ஒரு குறி, பக்கத்துல குட்டிக் குட்டி ஓட்டை இருக்கும். என்.பி.என்-க்கு ஒரு வரிசை, பி.என்.பி-க்கு ஒரு வரிசை. பேஸை அதோட ஓட்டையிலேயே வெச்சு, மத்த ரெண்டு காலையும் ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி மாட்டிப் பாருங்க. எதுல நம்பர் பெரிசா வருதோ, அதான் சரியான பக்கம். நான் திருப்பி வெச்சப்போ ஒற்றை இலக்கம், நேரா வெச்சதும் 200-க்கு மேல. அந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலதான் எங்க பேண்ட் தோத்துச்சு.

ரெண்டு எச்சரிக்கை. சில காலேஜ் லேப்ல இன்னும் முள் மல்டிமீட்டர் இருக்கும். அதுல பெரும்பாலானதுல ஓம்ஸ் ரேஞ்சுக்குப் போனா கறுப்பு வயர்லதான் பாசிட்டிவ் வரும். டெஸ்ட்டைத் தலைகீழா படிக்கணும். அடுத்து, இந்த வித்தை எல்லாமே சாதாரண டிரான்சிஸ்டருக்கு மட்டும்தான். ஜெ.ஃபெட், மாஸ்ஃபெட் எல்லாம் வேற ஜாதகம். அதுக்கு டேட்டாஷீட்தான் கதி.

கட்டம் கட்டி வைங்க!

தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே. இடமிருந்து வலமா...

பி.சி.547, 548, 549 - கலெக்டர், பேஸ், எமிட்டர்.

2என்3904, 2என்5088 - எமிட்டர், பேஸ், கலெக்டர்.

2எஸ்.சி.1815 - எமிட்டர், கலெக்டர், பேஸ். ஆமா, பேஸ் ஓரத்துல! ‘நடுக்கால்தான் எப்பவும் பேஸ்’னு சொல்ற சீனியரை இனி நம்பாதீங்க.

பி.சி.183 - கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆனா பின்னாடி ஒரு ‘எல்’ சேர்ந்து பி.சி.183எல் ஆச்சுன்னா, எமிட்டர், கலெக்டர், பேஸ். ஒரே ஒரு எழுத்து! சிலிக்கான் ஃபஸ் ஃபேஸ்ல வந்த டிரான்சிஸ்டர்கள்ல இந்த ‘எல்’லும் ஒண்ணுங்கிறதால, அதுக்கு வெறும் 183 வாங்கிப் போட்டா வம்புதான்.

பி.என்.2222ஏ - எமிட்டர், பேஸ், கலெக்டர். பி.2.என்.2222ஏ - கலெக்டர், பேஸ், எமிட்டர். நடுவுல ஒரு ‘2’ நுழைஞ்சதும் ஆளே திரும்பிட்டார் பாருங்க.

பி.சி.108, எஸ்.எல்.100 மாதிரி உலோகத் தொப்பிக்காரங்க - தொப்பி ஓரத்துல ஒரு குட்டி நாக்கு நீட்டிட்டு இருக்கும். அதுக்குப் பக்கத்துக் கால்தான் எமிட்டர். கால்கள் உங்களைப் பார்க்கிற மாதிரி கவுத்துப் பிடிச்சா, அங்கிருந்து கடிகாரச் சுத்துல எமிட்டர், பேஸ், கலெக்டர். கலெக்டர் அந்தத் தொப்பியோடவே ஒட்டியிருக்கும், அதனால டிபன் பாக்ஸ் மேல உரசவிடாதீங்க.

இந்த லிஸ்ட்டையும் நம்பி நேரா சால்டர் பண்ணாதீங்க. அளந்துட்டுப் போடுங்க. இவ்ளோ சொன்னப்புறமும் பழைய தப்பையே பண்ணா எப்படி?

சென்னை வெயில் ஸ்பெஷல்

‘ஒரிஜினல் ஃபஸ் ஃபேஸ்ல ஜெர்மேனியம்தானே? நானும் அதையே போடறேன்’னு கிளம்பற ஆளா நீங்க? முதல்கால ஃபஸ் ஃபேஸ்ல என்.கே.டி.275, ஏ.சி.128 மாதிரி ஜெர்மேனியம் பி.என்.பி-தான் இருந்துச்சு. அதோட சவுண்ட் கொஞ்சம் மென்மையா, வெண்ணெய் தடவின மாதிரி இருக்கும்னு கிட்டாரிஸ்ட்டுங்க உருகுவாங்க.

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. 1954-ல தொடங்கின பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பெங்களூர்ல 1962-லயே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தயாரிக்க ஆரம்பிச்சிடுச்சு. தாத்தா வீட்டுப் பரண்ல பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ தூங்குதா? உள்ளே ஜெர்மேனியம் இருக்க சான்ஸ் உண்டு. ஆனா தாத்தாகிட்ட கேட்டுட்டுத் திறங்க!

சிக்கல் என்னன்னா, ஜெர்மேனியம் வெயிலுக்கு ஆகாது. பேஸ்ல ஒண்ணுமே கொடுக்காதப்பவும் கலெக்டர்ல கொஞ்சம் கரன்ட் கசியும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்தக் கசிவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். லண்டன் குளிர்ல செட் பண்ணினது, மே மாசம் மதியம் பாலவாக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல கோமாவுக்குப் போயிடும். அந்தக் கசிவு மல்டிமீட்டரையும் ஏமாத்தும். ஹெச்.எஃப்.இ-ல காட்டுற கெயின் நிஜத்தைவிடப் பெரிசா இருக்கும். முதல் பெடலா? பேசாம சிலிக்கான் போடுங்க. ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல இருக்கிற 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலா 10 கிலோ ஓம் பிரீசெட் ஒண்ணு வெச்சுக்கிட்டா, திருகித் திருகி அந்த நாலரை வோல்ட்டைப் பிடிச்சுடலாம்.

நான் பட்டது போதும்...

நீங்க படாம இருக்க இன்னும் மூணே விஷயம். ஒண்ணு, டிரான்சிஸ்டரை நேரா சால்டர் பண்ணாதீங்க. ஐ.சி. பேஸை மூணு ஓட்டையா வெட்டி சாக்கெட்டா வைங்க. தப்பா போட்டாலும் பிடுங்கித் திருப்பிக்கலாம். ரெண்டு, ஜெனரல் பர்பஸ் போர்டைக் கவுத்துட்டா இடது வலதாயிடும். மேலே பார்த்து மனப்பாடம் பண்ணினதை அடியில அப்படியே சால்டர் பண்ணினா கோவிந்தா. டேட்டாஷீட் படத்துலயும் மேலேயிருந்து பார்த்ததா, அடியிலிருந்து பார்த்ததான்னு கவனிங்க. மூணு, கடையில மாத்துப் பார்ட் கொடுத்தா தயங்காம வாங்குங்க. ஆனா அதோட முழு நம்பரை, கடைசி எழுத்து வரைக்கும், கவர் மேல எழுதி வைங்க.

யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு வருஷமா லேப்ல நான் ஒரு டிரான்சிஸ்டரோட காலைக்கூடக் கண்டுபிடிச்சதே இல்லை. போர்டுல பின் படம் ரெடியா வரைஞ்சிருக்கும். அதைப் பார்த்து மாட்டுவோம், ரீடிங் எடுப்போம், கிராஃப் போடுவோம், ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்குவோம். வைவாவுல, “எமிட்டர்ல ஏன் கலப்படம் அதிகம்?”னு கேட்டப்போ பக்காவா பதில் சொல்லி மார்க்கும் வாங்கினேன். அந்த பதிலுக்கும் என் கையில இருந்த கறுப்பு மிளகுக்கும் சம்பந்தம் இருக்குன்னு மட்டும் தோணவே இல்லை.

பின் தெரியாம இருந்ததுல அசிங்கம் ஒண்ணும் இல்லை பாஸ். இத்தனை ஆயிரம் நம்பரை யார் மனப்பாடம் பண்ண முடியும்? தெரியும்னு நினைச்சு அளக்காம விட்டதும், அந்தப் பழியை ஃப்ரெண்டோட கிட்டார் மேல போட்டதும்தான் அசிங்கம்.

போன வாரம் மறுபடி மொட்டை மாடியில பிராக்டீஸ். டிபன் பாக்ஸை மிதிச்சான். சவுண்டு தெரு தாண்டிக் கடல் வரைக்கும் போயிருக்கும். கீழேயிருந்து ஆன்ட்டி, “மிக்ஸியில என்னடா மாட்டிக்கிச்சு?”ன்னு கத்தினாங்க. ஃபஸ் பெடலுக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் கிடையாது!

இப்போ ரெண்டாவது பெடல் வேணுமாம். பேஸ் கிட்டார்காரன் ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து போன் பண்ணினான். “மச்சி, கடைக்காரர் வேற நம்பர் கொடுக்கிறார். எமிட்டர் எந்தப் பக்கம்?”

“தெரியலடா... வாங்கிட்டு வா, அளந்து பார்த்துக்கலாம்!”